பேஞ்சோ சத்தம் பழக ஒரு வாரம்: ‘வில் தி சர்க்கிள் பி அன்ப்ரோக்கன்’ ஆல்பத்தைக் கேட்பது எப்படி

யாராவது ஒரு ப்ளூகிராஸ் பாட்டை (பேஞ்சோ, கிடார், வயலின் எல்லாம் சேர்ந்து ஓடும் அமெரிக்க நாட்டுப்புற இசை) உங்களுக்கு அனுப்பி, அதை அரை நிமிஷம் கேட்டுவிட்டு நிறுத்தியிருக்கிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். எனக்கும் அப்படித்தான் ஆனது. பாத்திரம் கழுவிக்கொண்டே போன் ஸ்பீக்கரில் போட்டேன். தகரக் கூரைமேல் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம், அதுக்கு மேலே மூக்கால் பாடுகிற ஒருவர், அடுத்த பாட்டும் அதே, அதற்கடுத்ததும் அதே. “ஒரே பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டிருக்கியா?” என்று வீட்டில் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் எனக்கும் அதே சந்தேகம்.

பிரச்சினை எங்கே என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச காலம் ஆனது. ஏழெட்டுக் கருவிகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன, நான் அத்தனையையும் ஒரே மூட்டையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் மூட்டை தன்னால் பிரிகிறது. அதைப் பழக எனக்குத் தெரிந்து ஆகச் சிறந்த ஆல்பம் 1972-ல் நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் வெளியிட்ட ‘வில் தி சர்க்கிள் பி அன்ப்ரோக்கன்’. காரணம் எளிது. அதில் வாசிக்கிற பையன்களே பெரியவர்களிடம் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், பாட்டுகளுக்கு நடுவே அவர்கள் பேசுவதும் பதிவாகியிருக்கிறது. நீங்கள் பத்தோடு பதினொன்றாக ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டால் போதும்.

கறாரான ப்ளூகிராஸ் ரசிகர்கள் இங்கேயே சண்டைக்கு வருவார்கள், இது ப்ளூகிராஸ் பேண்டே இல்லை என்று. பாதி உண்மை. 1966-ல் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் சேர்ந்த பையன்கள், நாட்டுப்புறப் பாட்டும் ராக்கும் கலந்து வாசித்தவர்கள். ஆனால் இந்த ஆல்பத்தில் அவர்கள் யாரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள் என்று பார்த்தால் அந்த ஆட்சேபணை தானாக அடங்கிவிடும்.

முதலில் சரியானதைத் தேடி எடுங்கள்

இது முக்கியம், ஏனென்றால் இதே பெயரில் இரண்டாம் பாகம் 1989-லும் மூன்றாம் பாகம் 2002-லும் வந்திருக்கின்றன. தேடினால் மூன்றும் கலந்து வரும். போதாக்குறைக்கு இதே பெயரில் பாட்டும் இருக்கிறது, அதை ஊரில் உள்ள எல்லாரும் பாடியிருக்கிறார்கள். பேண்டின் பெயரோடு 1972 என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். அப்போது மூன்று இசைத்தட்டுகளாக வந்தது, இன்று இணையத்தில் ஒரே நீண்ட பட்டியலாக இருக்கும். பட்டியலில் டாக் வாட்சன், மெர்ல் டிராவிஸ் என்ற இரண்டு கிடார்காரர்கள் சந்திக்கும் உரையாடல் என்று தனியாக ஒரு துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சரியானதைப் பிடித்துவிட்டீர்கள்.

அப்புறம் இரண்டு விஷயம். ஷஃபிளை அணையுங்கள். நான் பயன்படுத்திய ஒரு செயலி அதுபாட்டுக்கு வரிசையைக் கலைத்துப்போட்டு, ஒருவர் பேச ஆரம்பித்த வாக்கியம் முடிந்ததும் சம்பந்தமே இல்லாத பாட்டு வந்து விழுந்தது. பல நாள் கழித்துத்தான் அது ஆல்பத்தின் கோளாறு இல்லை என்று புரிந்தது. இரண்டாவது, போன் ஸ்பீக்கர் வேண்டாம். அதில் டபுள் பாஸ் (ஆள் உயர வயலின் மாதிரி நின்றுகொண்டு அடியில் முழங்கும் கருவி) அடியோடு காணாமல் போய்விடும், அது போனால் கீழே சொல்லப்போகும் முதல் பயிற்சியே செய்ய முடியாது. சாதாரண ஹெட்போன் போதும்.

இன்னொரு குழப்பத்தையும் இப்போதே தீர்த்துவிடுகிறேன். ‘கீப் ஆன் தி சன்னி சைட்’ என்று ஒரு பாட்டு, ‘சன்னி சைட் ஆஃப் தி மவுன்டன்’ என்று இன்னொன்று. முதலாவது மேபெல் கார்ட்டர் பாடுவது, இரண்டாவது ஜிம்மி மார்ட்டின் பாடுவது. நான் ரொம்ப நாள் இரண்டையும் ஒன்று என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

யார் இவர்கள், ஏன் ஒரே அறையில்

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தெரிந்துகொண்டு கேட்டால் சுவை கூடும். பேண்டில் பேஞ்சோ வாசித்த ஜான் மெக்யூனுக்கு, பேஞ்சோ மேதை ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்றால் தெய்வம். 1971-ல் கொலராடோவின் போல்டர் நகரில் ஒரு கிளப்பில் ஸ்க்ரக்ஸ் வாசிக்க வந்தபோது, எங்களோடு சேர்ந்து ரெக்கார்ட் பண்ணுவீர்களா என்று கேட்டுவிட்டார். ஸ்க்ரக்ஸ் சரி என்றார். கொஞ்ச நாளில் அதே கிளப்புக்கு டாக் வாட்சன் வந்தார், அவரையும் கேட்டார்கள், அவரும் சரி என்றார். ஸ்க்ரக்ஸ் சம்மதித்துவிட்டார் என்றதும் மற்றவர்களைக் கூப்பிடுவது சுலபமானது. மேபெல் கார்ட்டர், மெர்ல் டிராவிஸ், ஜிம்மி மார்ட்டின், ராய் ஏகஃப், ஃபிடில், அதாவது வயலின் வாசிக்க வாஸர் கிளெமென்ட்ஸ். ப்ளூகிராஸின் தந்தை என்று சொல்லப்படும் பில் மன்றோவையும் கேட்டார்கள், அவர் மட்டும் வரவில்லை. வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்கும் ரசிகர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்கென்னவோ வராததும் நல்லதாகப் போயிற்று என்று படும். அவர் இருந்த அறையில் மற்றவர்கள் இவ்வளவு தாராளமாகச் சிரித்துப் பேசியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

1971 ஆகஸ்டில், அமெரிக்கக் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் கிழக்குப் பகுதியில் இருந்த வுட்லண்ட் ஸ்டூடியோவில் ஆறே நாளில் பதிவை முடித்தார்கள். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். நீளமுடியும் தாடியும் வைத்த கலிபோர்னியா பையன்கள் ஒரு பக்கம், நாஷ்வில்லின் பெரியவர்கள் மறுபக்கம். ராய் ஏகஃபுக்கு அந்த முடியைப் பார்த்ததும் பிடிக்கவில்லை. அவர் சாமானியப்பட்ட ஆளில்லை, 1938-லிருந்து கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி மேடையில் பாடியவர், 1948-ல் டென்னசி கவர்னர் தேர்தலில் நின்று தோற்றவர். அதுவரை பதிவானதைக் கேட்ட பிறகுதான் அவர் மனம் இறங்கியது.

முதல் நாள்: டும், சக்

ஒரே ஒரு பாட்டு போதும். ஆல்பத்தின் முதல் பாட்டே எடுத்துக்கொள்ளுங்கள், ஜிம்மி மார்ட்டின் பாடும் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி சாங்’. ஆப்ரி மேடையில் பாடியவர்களின் பெயர்களை அடுக்கிக்கொண்டே போகும் பாட்டு, அந்தப் பெயர்கள் எதுவும் தெரியாவிட்டால் நஷ்டமில்லை.

ப்ளூகிராஸில் வழக்கமாக டிரம்ஸ் கிடையாது. அந்த வேலையை மற்ற கருவிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. பாட்டை முதல் தடவை கேட்கும்போது பாடகரை, பேஞ்சோவை எல்லாம் விட்டுவிட்டு அடியில் போகும் பாஸை மட்டும் தேடுங்கள். ‘டும்’ என்று விழும். இரண்டு ‘டும்’களுக்கு நடுவே மாண்டலின் ‘சக்’ என்று வெட்டும், கம்பியை மீட்டிய உடனே இடதுகை விரலைத் தளர்த்தி ஒலியைக் கொன்றுவிடுவதால் வரும் சத்தம் அது. மாண்டலின் என்றதும் யு. ஸ்ரீநிவாஸின் வழுக்கிக்கொண்டு போகும் நாதத்தை நினைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது. இங்கே பாதி நேரம் அது ஸ்நேர் டிரம் வேலைதான் செய்கிறது. டும்-சக், டும்-சக்.

இரண்டாம் தடவை போட்டு, ‘சக்’கில் கை தட்டிப் பாருங்கள். நமக்கு இது கஷ்டம், கை தன்னால் ‘டும்’மில் போய் விழும். விழுந்தால் பரவாயில்லை, நிறுத்தி, இரண்டு எண்ணிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். ஒரு நிமிஷம் தொடர்ந்து ‘சக்’கில் தட்ட முடிந்ததென்றால் முதல் நாள் பாடம் முடிந்தது.

அந்த ‘டும்’மை வாசித்தவரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூனியர் ஹஸ்கி என்று பெயர். இந்தப் பதிவு முடிந்து ஒரு மாதம்போல இருக்கும், 1971 செப்டம்பரில் இறந்துபோனார். ஆல்பம் வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை. 1989-ல் இரண்டாம் பாகத்துக்கு அவர் மகன் வந்து பாஸ் வாசித்தார்.

இரண்டாம் நாள்: தகிட தகிட தக

இன்றைக்குப் பேஞ்சோ. ஆல்பத்தின் நடுவில் வார்த்தையில்லாத கருவியிசைத் துண்டுகள் வரிசையாக வரும், அதில் ‘ஃப்ளின்ட் ஹில் ஸ்பெஷல்’ எடுங்கள். ஃப்ளின்ட் ஹில் என்பது வட கரோலினாவில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பிறந்த ஊர்.

பேஞ்சோவில் ஐந்து கம்பி. நான்கு வழக்கம்போல முழு நீளம், ஐந்தாவது மட்டும் குட்டை, கழுத்தின் நடுவிலேயே அதற்கு ஒரு முடுக்காணி. அந்தக் குட்டைக் கம்பியைப் பெரும்பாலும் அழுத்துவதில்லை, உச்ச சுதியில் ஒரே ஸ்வரத்தை ஒலித்துக்கொண்டே இருக்கும். ஆலங்கட்டி மழை என்று நான் சொன்ன சத்தத்தில் பெரும்பங்கு இதனுடையது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மூன்றிலும் பிக் (கம்பியை மீட்ட உதவும் நகம் மாதிரியான துண்டு) மாட்டிக்கொண்டு சுழற்றிச் சுழற்றி வாசிப்பதுதான் ஸ்க்ரக்ஸ் பாணி. அவர் 1945 டிசம்பரில் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த பிறகுதான் ப்ளூகிராஸ் என்று இன்று நாம் சொல்லும் ஒலி முழுசாக உருவானது என்பதில் யாருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

இப்போது ஒரு தந்திரம் சொல்கிறேன், மேல்நாட்டு இசைப் பாடம் எடுக்கிறவர்கள் சொல்லமாட்டார்கள். ஒரு தாளச் சுற்றுக்குள் எட்டு ஸ்வரம் விழ வேண்டும், இருப்பதோ மூன்று விரல். ஸ்க்ரக்ஸின் அடிப்படைச் சுழற்சிகளில் ஒன்றில் எட்டு எப்படிப் பிரிகிறது தெரியுமா? மூணு, மூணு, ரெண்டு. வாயால் சொல்லுங்கள்: தகிட தகிட தக, தகிட தகிட தக. காலால் நேராக நாலு போடுங்கள், வாயால் இதைச் சொல்லுங்கள். எட்டுக்கு ஒருமுறை இரண்டும் வந்து சேரும், நடுவில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போகும். பேஞ்சோ எப்போதும் முன்னால் ஓடுகிற மாதிரித் தோன்றுவது இந்தத் தள்ளலால்தான், உண்மையில் வேகம் கூடுவதில்லை. எல்லா இடத்திலும் இந்தக் கணக்கே வராது, சுழற்சியை மாற்றிக்கொண்டே இருப்பார். ஆனால் ஒரு தடவை காது இதைப் பிடித்துவிட்டால் மழை நின்றுவிடும், துளித்துளியாகக் கேட்கும்.

அதே துண்டில் இன்னொன்று கவனியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஸ்வரம் வழுக்கிக் கீழே இறங்கி மறுபடி மேலே ஏறும். டேப் தேய்ந்துவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். வாசிப்பின் நடுவில் முடுக்காணியைத் திருகிக் கம்பியைத் தளர்த்தி, மறுபடி சரியான இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்துகிறார். அதற்கென்றே முடுக்காணிகளில் தனி ஏற்பாடு செய்துகொண்டவர் அவர். ‘ஏர்ல்ஸ் பிரேக்டவுன்’ என்று அதே வரிசையில் வரும் துண்டிலும் இந்த வேலை உண்டு. நான் இதை முதலில் கேட்டபோது ஹெட்போன் ஒயரைத்தான் சந்தேகப்பட்டேன்.

மூன்றாம் நாள், நான்காம் நாளும் ஆகலாம்: மூன்று கிடார்

இந்த ஆல்பத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான், அவசரப்படாதீர்கள். அமெரிக்க நாட்டுப்புற கிடாரை மாற்றிய மூன்று கைகள் இந்த ஒரே ஆல்பத்தில் இருக்கின்றன.

முதல் கை மேபெல் கார்ட்டருடையது. 1927 ஆகஸ்டில், டென்னசி-வர்ஜீனியா எல்லையில் இருக்கும் பிரிஸ்டல் ஊருக்கு ஒரு ரெக்கார்டிங் கம்பெனி வந்து உள்ளூர்க்காரர்களைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தது. கார்ட்டர் குடும்பத்தில் மூன்று பேர் போனார்கள். மேபெலுக்கு அப்போது 18 வயது, நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த கர்ப்பிணி. அதுவரை கிடார் என்றால் பாட்டுக்குப் பின்னால் தாளம் தட்டும் கருவி. மேபெல் கட்டைவிரலால் கீழ்ச்சுதிக் கம்பிகளில் மெட்டை வாசித்துக்கொண்டே, நடுநடுவே ஆள்காட்டி விரலால் மேல்கம்பிகளைத் தடவித் தாளமும் போட்டார். ஒரே ஆள் இரண்டு வேலை. 1971-ல் இந்த ஸ்டூடியோவுக்குள் வந்தபோது அவருக்கு வயது 62, அறையில் இருந்த எல்லாரும் ‘மதர் மேபெல்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ‘வைல்ட்வுட் ஃப்ளவர்’ கேளுங்கள், அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட மெட்டு அது. குரலில் எந்த அலங்காரமும் இருக்காது. வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பாடுகிற மாதிரி இருக்கும்.

இரண்டாவது கை மெர்ல் டிராவிஸ். கென்டக்கியின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியிலிருந்து வந்தவர். மேபெலை அப்படியே தலைகீழாக்கிப் பாருங்கள்: கட்டைவிரல் கீழ்க்கம்பிகளில் மாறி மாறி பாஸ் போடும், ஆள்காட்டி விரல் மேலே மெட்டைக் கொடுக்கும். ‘கேனன்பால் ராக்’ துண்டில் இது பளிச்சென்று தெரியும். இரண்டு பேர் வாசிப்பதாகத் தோன்றினால் சரியாகக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். அதை முடித்துவிட்டு ‘டார்க் அஸ் எ டஞ்சன்’ போடுங்கள், இளைஞர்களே சுரங்கத்துப் பக்கம் வராதீர்கள் என்று எச்சரிக்கும் அவருடைய சொந்தப் பாட்டு. அதிகம் வாசிக்கமாட்டார். அவ்வளவு வித்தை கையில் இருக்கிறவர் அடக்கி வாசிப்பதைக் கவனிக்கத்தான் இதை இரண்டாவதாக வைத்தேன்.

மூன்றாவது டாக் வாட்சன். கைக்குழந்தையாக இருந்தபோதே பார்வை போய்விட்டது. அவர் ஒரு நடனக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தபோது அந்தக் குழுவில் ஃபிடில்காரர் கிடையாது. ஆனால் ஆட வருகிறவர்கள் ஃபிடில் மெட்டைத்தானே கேட்பார்கள், வேறு வழியில்லாமல் அதைக் கிடாரில் வாசிக்கப் பழகினார். விரல்களுக்குப் பதில் ஒரே ஒரு பிக், மேலும் கீழும் அடித்து, வில் போட்டு இழுப்பதுபோல ஓட்டம். ‘பிளாக் மவுன்டன் ராக்’ அதற்கு நல்ல உதாரணம். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, ஈரமில்லாமல், மணிமணியாக விழும்.

மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு யாரையாவது கலந்து போடச் சொல்லுங்கள். யார் கை என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். எனக்கு மேபெலும் டாக்கும் சுலபமாகப் பிடிபட்டார்கள், டிராவிஸிடம் பலமுறை ஏமாந்தேன்.

ஃபிடிலும் டோப்ரோவும் ஒரே மாலையில் முடிந்துவிடும். ஃபிடில் நம் வயலினேதான், கருவியில் வித்தியாசம் இல்லை. வாஸர் கிளெமென்ட்ஸ் தனக்காக அமைத்துக்கொண்ட ‘லோன்சம் ஃபிடில் ப்ளூஸ்’ ஒன்று போதும், அதில் ஜாஸ் வாசனை கொஞ்சம் அடிக்கும். டோப்ரோ என்பது வயிற்றில் உலோகக் கிண்ணம் பொருத்திய கிடார், மடியில் படுக்கவைத்து இரும்புத் துண்டால் வழுக்கி வாசிப்பது. கோட்டு வாத்தியம் கேட்ட காதுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். ராய் ஏகஃப் குழுவின் ஆஸ்வால்ட் கிர்பி இங்கே வாசிக்கும் ஒரு துண்டின் பெயரிலேயே ஹவாய் இருக்கிறது. இந்த வாசிப்பு முறை அமெரிக்காவுக்கு வந்ததே ஹவாய்த் தீவுகளிலிருந்துதான்.

பேச்சைத் தாண்டிவிடாதீர்கள்

பாட்டுகளுக்கான பதிவு போக, அறையில் நடக்கும் பேச்சுக்காக இன்னொரு டேப்பை ஓடவிட்டிருந்தார்கள். எந்தச் சுதியில், யார் முதலில் ஆரம்பிப்பது, யார் எப்போது தனியாவர்த்தனம் எடுப்பது என்று அவர்கள் பேசிக்கொள்வதெல்லாம் ஆல்பத்தில் இருக்கிறது. ஆங்கிலம் தெற்கத்தி உச்சரிப்பில் இழுத்து இழுத்து வரும், முதலில் பாதி புரியாது. இரண்டு இடங்களை மட்டும் விடாதீர்கள்.

ஒன்று, டாக் வாட்சனும் மெர்ல் டிராவிஸும் சந்திக்கும் துண்டு. டாக் பல வருஷமாக டிராவிஸின் வாசிப்பைக் கேட்டு ரசித்தவர். 1949-ல் பிறந்த மகனுக்கு அவர் பெயரையே சேர்த்து எடி மெர்ல் வாட்சன் என்று வைத்தவர். ஆனால் இருவரும் நேரில் சந்தித்ததே கிடையாது. அந்தச் சந்திப்பு இந்த ஸ்டூடியோவில், டேப் ஓடிக்கொண்டிருக்கும்போது நடக்கிறது. உங்கள் பெயரைத்தான் பையனுக்கு வைத்தேன் என்று டாக் சொல்லும் இடத்தில் குரலைக் கவனியுங்கள். 48 வயது ஆள், மாமன் வீட்டுக்கு முதல்முறை போன சின்னப் பையன் மாதிரி கூச்சத்தோடு பேசுகிறார்.

இன்னொன்று ராய் ஏகஃப், பாடப்போகும் முன்னால் சொல்லும் அறிவுரை. ஒரு பாட்டைப் பதிவு செய்வதென்றால் முதல் தடவையே முழு மனசோடு செய்துவிட வேண்டும், திரும்பத் திரும்பச் செய்தால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று குறைந்துகொண்டே போகும் என்பது அவர் கட்சி. இந்த ஆல்பத்துக்கு அது வெறும் உபதேசமாக இருக்கவில்லை. நேரடியாக இரண்டே டிராக்கில், அதாவது இடது வலது என்று அப்போதே கலந்து பதிவு செய்தார்கள். பிறகு ஒருவரை மட்டும் அழித்துத் திரும்ப வாசிக்கவைக்க வழியே இல்லை. யாராவது சொதப்பினால் எல்லாரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அந்த ஜாக்கிரதை பாட்டுகளில் கேட்கும், அதேசமயம் பயம் கேட்காது. அதுதான் ஆச்சரியம்.

கன்ட்ரி எங்கே, காஸ்பல் எங்கே

ஐந்தாம் நாள் வார்த்தைகளுக்கு. இதுவரை கருவியாகக் கேட்டதால் வரிகளைக் கவனித்திருக்கமாட்டீர்கள், கவனித்தால் கொஞ்சம் திடுக்கிடும். தாளம் கல்யாண வீடு மாதிரி இருக்கும், விஷயம் இழவு வீடாக இருக்கும்.

ராய் ஏகஃபின் ‘ரெக் ஆன் தி ஹைவே’ எடுங்கள். சாலை விபத்து, சிதறிய கண்ணாடி, விஸ்கியும் ரத்தமும் கலந்து ஓடுகிறது, அங்கே யாரும் ஜெபம் செய்வது கேட்கவில்லை என்கிறார் பாடுகிறவர். இது கன்ட்ரியா (அமெரிக்கக் கிராமத்துப் பாட்டு), காஸ்பலா (கிறிஸ்தவப் பக்திப் பாட்டு)? நடந்த சம்பவத்தைக் கதையாகச் சொல்வது கன்ட்ரியின் வேலை. அதிலிருந்து கடவுள் பக்கம் திரும்புவது காஸ்பல். பாதி பாட்டுகளில் இரண்டையும் பிரிக்க முடியாது, ஏனென்றால் சனிக்கிழமை ராத்திரி நடனத்துக்கு வாசித்தவர்களும் ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலயத்தில் பாடியவர்களும் ஒரே ஆட்கள்தான். கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் எழுதிய பாட்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். குடியும் கும்மாளமுமான ‘ஹாங்கி டாங்கின்’ அவர் எழுதியது, ஒளியைக் கண்டேன் என்று ஆர்ப்பரிக்கும் ‘ஐ சா த லைட்’டும் அவர் எழுதியதுதான். இரண்டும் இந்த ஆல்பத்தில் உண்டு.

காதுக்கு ஒரு அடையாளமும் சொல்கிறேன். காஸ்பல் வரும்போது கோரஸைக் கவனியுங்கள். நடுவில் மெட்டு, அதற்கு மேலே ஒரு குரல், கீழே ஒரு குரல் என்று ப்ளூகிராஸில் மூன்று அடுக்கு வழக்கம். பக்திப் பாட்டென்றால் பெரும்பாலும் அடியில் நான்காவதாக ஒரு கனத்த குரலும் சேரும். பில் மன்றோ போன்றவர்கள் அந்தப் பாட்டுகளுக்குப் பேஞ்சோவையும் ஃபிடிலையும் ஒதுக்கிவிட்டு கிடார், மாண்டலின், பாஸ் என்று குறைத்துக்கொள்வார்கள், குரல் முன்னால் வரட்டும் என்று. இந்த ஆல்பத்தில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அறையில் இருக்கிறவர்களெல்லாம் சேர்ந்து கத்துகிறார்கள், ‘ஐ சா த லைட்’டில் ஸ்டூடியோ தேவாலயமாகிவிடுகிறது, அதுவும் கொஞ்சம் ஒழுங்கில்லாத தேவாலயம்.

ஆறாம் நாள் ஓய்வு. உண்மையாகத்தான் சொல்கிறேன், பேஞ்சோ கேட்டுக்கொண்டே இருந்தால் தூக்கத்திலும் கேட்கும்.

ஏழாம் நாள்: முழுசாக

இப்போது ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, வரிசை மாறாமல். ஏறக்குறைய இரண்டு மணிநேரம் பிடிக்கும், நடுவில் காபிக்கு எழுந்திருக்கலாம். எதையும் தேட வேண்டாம், காது பழகிவிட்டது, தானாகப் பிடித்துக்கொள்ளும்.

முடிவை நெருங்கும்போது தலைப்புப் பாட்டு வரும், மேபெல் கார்ட்டர் முன்னின்று பாடுவது. அம்மாவின் சவப்பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதை மகன் ஜன்னல் வழியாகப் பார்க்கிறான், கொஞ்சம் மெதுவாகப் போங்கள் என்று வண்டிக்காரரைக் கேட்கிறான். நம் ஒப்பாரி போல மார்பில் அடித்துக்கொண்டு அழுவது இதில் இல்லை, கேட்பதோடு சரி. ஒவ்வொரு சரணத்தையும் ஒருவர் எடுக்க, கோரஸில் வந்தவர் போனவர் எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். இங்கே ஆல்பம் முடிந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள், நான் சில தடவை நிறுத்தியிருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரே ஒரு கிடார், தனியாக. வாசிப்பது ஏர்ல் ஸ்க்ரக்ஸின் மகன் ராண்டி, அந்த மாதம்தான் 18 வயது ஆனது. வாசிப்பது பழைய மெட்டும் இல்லை, ஜோனி மிட்செல் அறுபதுகளில் எழுதிய ‘போத் சைட்ஸ் நவ்’. பிரிஸ்டலில் மேபெல் முதலில் பதிவு செய்தபோது இருந்த அதே வயதுதான் ராண்டிக்கும் என்பது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் உறைத்தது.

அடுத்து என்ன கேட்பது

1989 பாகத்துக்கு உடனே தாவ வேண்டாம். நல்ல ஆல்பம்தான், ஆனால் மெருகு அதிகம், இதைக் கேட்ட கையோடு கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். உங்களுக்கு இரண்டாம் நாள் பிடித்திருந்தால் லெஸ்டர் ஃப்ளாட்டும் ஸ்க்ரக்ஸும் சேர்ந்து 1949-ல் பதிவு செய்த ‘ஃபாகி மவுன்டன் பிரேக்டவுன்’ பக்கம் போங்கள். கன்ட்ரியும் ப்ளூகிராஸும் கலக்கும் இடம் பிடித்திருந்தால் 1975-ல் ஜே. டி. க்ரோவும் அவருடைய நியூ சவுத் குழுவும் வெளியிட்ட ஆல்பம். அதில் டோனி ரைஸ் கிடாரும் குரலும், ரிக்கி ஸ்காக்ஸ் மாண்டலின், ஜெரி டக்ளஸ் டோப்ரோ, மூவரும் இளைஞர்கள். டாக் வாட்சன் போட்ட பாதையில் கிடார் எவ்வளவு தூரம் போனது என்று தெரியும். கடைசிப் பாட்டு காஸ்பல்.

மேபெல்தான் பிடித்திருந்தார் என்றால் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். தலைப்புப் பாட்டையே கார்ட்டர் குடும்பம் 1935-ல் பாடிய பதிவு இருக்கிறது, தேடி எடுங்கள். 1907-ல் வந்த ஒரு தேவாலயப் பாடலை எடுத்து, சரணங்களை மாற்றி, அந்த அம்மாவின் சாவை உள்ளே கொண்டுவந்தது அவர்கள்தான். தலைப்பில் ‘வில்’ இருக்காது, ‘கேன்’ என்று இருக்கும், அதையும் பார்த்துத் தேடுங்கள். பழைய ரெக்கார்டின் இரைச்சலுக்கு அடியில் மேபெலின் கட்டைவிரல் கீழ்க்கம்பியில் மெட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆல்பத்தில் அறை முழுக்கப் பாடிய அதே கோரஸுக்கு இங்கே கார்ட்டர் வீட்டு ஆட்கள் மட்டும்தான்.